மரத்துக்கு முதுகு காட்டாத அத்தான்

முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மரம் சாய்ந்தது. அதிலிருந்து உயிர் தப்ப ஒருவர் தலைதெறிக்க ஓடினார். இன்னொருவர் இரண்டு கைகளையும் கூப்பியபடி, அதையே பார்த்துக்கொண்டு, அடி அடியாகப் பின்னால் நகர்ந்தார்.

இருவருக்கும் பயிற்சி கொடுத்தவன் நான்.

இடம் மலாக்கா, காஜா பெராங். சிட்டிகளின் கோயிலைத் தாண்டினால் ஒரு புல்வெளி இருந்தது. ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். காலை எத்தனை மணி என்று மட்டும் கேட்காதீர்கள். கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. சூரியனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அதனால் அந்தக் காலத்தில் எல்லாமே ஒன்று முன்கூட்டி நடந்தது, அல்லது தாமதமாக நடந்தது. எது என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

மரம் என்று நான் சொன்னது ஒரு தென்னந்துண்டு. குழி தோண்டி அதை நட்டு, அதை வெட்டிச் சாய்த்துத்தான் காட்டில் மரம் வெட்டும் முறையைப் படித்தோம். நட்டபோது ஓராள் உயரத்துக்கு மேல் இருந்தது. வெட்ட வெட்டக் குறைந்துகொண்டே வந்தது. வேறு துண்டு கேட்டேன். 'இருப்பதை முதலில் முடி' என்று பதில் வந்தது. கடைசியில் அது என் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. முறை மட்டும் மாறவில்லை. குனிந்து அதன் உச்சியைப் பார்த்தோம். காய்ந்த கிளை தொங்குகிறதா என்று தேடினோம். எந்தப் பக்கம் சாய்வு என்று ஆராய்ந்தோம்.

ஓடியவர் ராயன். வேலி வரை ஓடிவிட்டு, இடுப்பில் கைவைத்துத் திரும்பி நின்று கேட்டார்: "கிராணி, இனி போக்கோ கா, ரும்புட் கா?"

இது மரமா, புல்லா என்று கேட்கிறார். கிராணி என்றால் குமாஸ்தா, அது நான். ராயன் சிட்டி வீட்டுப் பிள்ளை, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் மலாய்தான் வரும். நாம் தமிழில் பேசினால் விளங்கிக்கொள்வார், சிரிப்பார், மலாயில் திருப்பிக் கொடுப்பார்.

"மரம்னு நெனச்சிக்கிட்டு ஓடுங்க," என்றேன்.

நான் ஓடிவிட்டேன், அவரைக் கேள் என்பதுபோல் மோவாயால் அத்தானைக் காட்டினார்.

அத்தான், அதாவது என் அக்காவின் புருஷன் வேலப்பன், இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தார். முதுகு வேலியில் இடித்த பிறகுதான் நின்றார்.

"அத்தான், எத்தன தடவ சொல்லிட்டேன். மரம் சாய ஆரம்பிச்சா திரும்பி வேகமா நடக்கணும்."

"கும்பிட்ட சாமிக்கு எப்படி மச்சான் முதுகு காட்றது?"

"அது தென்ன மரம் அத்தான். அதுவும் முழு மரம் இல்ல."

"கும்பிட்டாச்சுல்ல," என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மரமே வெட்டாத குரு

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். நானும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் காட்டிலாகா அலுவலகத்தில் நான் இளநிலைக் கிராணி. மரம் வெட்டுகிறவர்கள் சாகாமல் வெட்டுவது எப்படி என்று ஒரு கையேடு இருந்தது. அதைத் தட்டச்சில் அடிப்பது என் வேலை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பிரதி, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு திருத்தம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் இன்னொரு பிரதி. அடித்து அடித்து முழுதும் மனப்பாடம். மற்றபடி மரத்தை நான் தொட்டதெல்லாம் மேஜை வடிவத்தில்தான்.

அந்தக் கையேடு எங்கோ குளிர் தேசத்தில் எழுதப்பட்டது. தப்பி ஓடும் பாதையில் படிந்திருக்கும் பனியை முதலில் கூட்டித் தள்ள வேண்டும் என்று அதில் ஒரு விதி வரும். மலாக்காவில் பனி எங்கே பெய்கிறது? பயிற்சி கொடுத்தபோது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். நான் நியாயமான ஆசிரியன்.

ஜப்பான்காரன் வந்ததும் அலுவலகத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். தடித்த கண்ணாடி. தெங்கேராவில் கடலோரத்து வீட்டிலிருந்து சைக்கிளில் வருவார். கொஞ்சம் மலாய் பேசுவார். அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்தோம். ரயிலுக்கு விறகு வேண்டும், படகுக்குப் பலகை வேண்டும், வேறு எதற்கோ கட்டை வேண்டும். ஏற்கெனவே அவர் அனுப்பிய கோஷ்டியில் ஒருவர் மரத்தடியில் நசுங்கிப் போயிருந்தார். ஆள் சாகாமல் மரம் வெட்ட யாருக்குத் தெரியும் என்று அலுவலகத்தில் கேட்டார்.

எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கேள்வி வந்தால், விடை தெரிந்தவன் கையைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டேன். முழுக் கையேட்டையும் மலாயில் ஒப்பித்தேன். விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் வெட்டு. எதிர்ப்பக்கத்தில், அதற்குச் சற்று மேலே, ரம்பத்தால் அறு. நடுவில் கொஞ்சம் மரத்தை விட்டுவை. அதுதான் கீல். கதவைப்போல் மரம் அந்தக் கீலில் திரும்பிப் படுக்கும். கீல் முறியும் சத்தம் கேட்டால் ரம்பத்தைப் போட்டுவிட்டு, மரம் விழும் பக்கத்துக்கு எதிர்த்திசையில் கோணலாகப் போட்டு வைத்த பாதையில் விலகிப் போ.

கண்ணாடிக்காரர் முழுதும் கேட்டார். "குரு," என்று ஒரே சொல் சொன்னார். பாராட்டா, தண்டனையா, தெரியவில்லை. மறுநாள் புல்வெளியில் தென்னந்துண்டு நட்டிருந்தது.

பால் வெட்டிய கை

மரம் வெட்டத் தெரிந்தவர்கள் வரலாம் என்று தோட்டங்களில் சொன்னார்கள். தோட்டத்துத் தமிழருக்கு மரம் வெட்டுவது என்றால் பால் மரம் சீவுவது. ரப்பரை வாங்க ஆளில்லாமல் சும்மா இருந்தவர்களில் பலர் வந்தார்கள். அத்தானும் அப்படித்தான் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தைவிட்டு அக்காவோடு காஜா பெராங்கில் நானிருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஒரு மரத்தை வருஷக்கணக்கில், விடிந்தால் வெட்டி, ஆனால் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் அவர் தொழில். பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்மரத்தில் கத்தி படக்கூடாது. பட்டால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கத்துவார். அப்படிப்பட்ட கையிடம் போய் மரத்தை அடியோடு சாய்க்கச் சொன்னால் என்ன செய்யும்? மன்னிப்புக் கேட்கும்.

மடியிலிருந்து ஒரு தட்டைக் கல்லை எடுப்பார். மரத்தடியில் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். கற்பூரம் கிடைக்காத காலம். கொட்டாங்கச்சியில் நெருப்புத் துண்டைப் போட்டு, ராயன் கொண்டுவரும் சாம்பிராணியைத் தூவுவார். அந்த நிமிஷத்திலிருந்து அந்த மரம் சாமி. தோட்டத்து முனியாண்டிக்கு முன்னால் எப்படிப் பின்னடி எடுத்துவைத்து விலகுவாரோ, அப்படித்தான் வெட்டிய மரத்திடமிருந்தும் விலகுவார்.

சாமி எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று வாதாடிப் பார்த்தேன்.

"ஆமா மச்சான். எல்லாப் பக்கமும் பாக்கும்."

"அப்ப நீங்க திரும்பினா முதுகையும் பாக்கும்தானே?"

"பாக்கும். அதான் காட்டக்கூடாது."

கையேட்டில் இதற்கு விதி கிடையாது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் தேறினால் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை உண்டு. பட்டை கட்டியவனை வேறு வேலைக்குப் பிடிக்க மாட்டார்கள். வேறு வேலை என்றால் சயாம். அங்கே ரயில்பாதை போட லாரி லாரியாக ஆள் போய்க்கொண்டிருந்தது. போனவர்களிடமிருந்து அப்போது ஒரு சேதியும் இல்லை. பிறகு சேதி வந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அக்கா மரவள்ளிக்கிழங்கைத் துருவிக்கொண்டே சொன்னாள்: "தம்பி, நீ அவர எப்படியாச்சும் பாஸ் பண்ணி வுட்டுரு."

"பாஸ் பண்றது நான் இல்லக்கா. கண்ணாடிக்காரரு."

"அப்ப முதுகக் காட்டச் சொல்லு."

"நீ சொல்லேன்."

"கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், ஒவ்வொண்ணா. கேக்குற ஆளா அது," என்றாள். துருவல் வேகம் கூடியது.

போர்வை

சோதனை குருபோங் பக்கத்தில், ஒரு தோட்டத்து எல்லையில் நிற்கும் நிஜ மரத்தில் நடக்கும் என்று உத்தரவு வந்தது. கூடவே இன்னொன்று: ஒவ்வொருவரும் ஒரு போர்வை கொண்டு வர வேண்டும்.

மரம் வெட்டப் போர்வை எதற்கு? கையேட்டை மனத்துக்குள் முதல் வரியிலிருந்து புரட்டினேன். இல்லை. கண்ணாடிக்காரரிடமே கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "பெர்லு," என்றார். தேவை.

போர்வை யாருக்குத் தேவை? தூரப் போகிறவனுக்கு.

அக்கா அத்தானின் போர்வையை விரித்தாள். போர்வைக்குள் காய்ந்த கிழங்கு வற்றல், அத்தானின் மாற்றுச் சட்டை, திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் வைத்துச் சுருட்டிக் கட்டினாள். சோதனைக்குப் போகிறாரா, சயாமுக்குப் போகிறாரா என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ராயனின் மூட்டை தூரத்திலேயே மணத்தது.

"கருவாடா?"

சயாமில் கிடைக்குமோ கிடைக்காதோ, நான் போனதில்லை கிராணி, என்றார் மலாயில்.

நான் அத்தானைத் தனியாக அழைத்துப் போய்க் கெஞ்சினேன். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் கல்லு வேணாம் அத்தான். கும்பிடலன்னா முதுகு காட்டலாம்தானே."

தலையை ஆட்டினார். நம் ஆட்கள் தலையை ஆட்டுவதில் ஒரு வகை உண்டு. ஆம் என்றும் பொருள் இல்லை, இல்லை என்றும் பொருள் இல்லை, உன் பேச்சு காதில் விழுந்தது என்று மட்டும் பொருள்.

பாதை போய் முடிந்த இடம்

மரம் ஒரு கிழட்டுத் தெம்புசு. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடி. பட்டை வெடித்துப் பிளந்து, எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் ரப்பர் மரங்கள். நான் முதல் நாளே போய்ப் பாதைகளை வெட்டி வைத்திருந்தேன். ராயனுக்கு இடதுபுறம் ஒன்று, அத்தானுக்கு வலதுபுறம் ஒன்று. அத்தானுடையது கோணல் தவறாமல் பின்வாங்கி, தோட்டத்துச் செம்மண் சாலையில் போய்ச் சேர்ந்தது. எனக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அன்று கண்ணாடிக்காரர் சைக்கிளில் வரவில்லை. லாரியில் வந்தார். லாரி அந்தப் பாதை முடிகிற இடத்தில் வந்து, பின்பக்கத்தைத் திருப்பி நின்றது. பின் பலகையை இறக்கிவிட்டார்கள். இப்போது மரத்தடியிலிருந்து பார்த்தால், நான் வெட்டிய தப்பும் பாதை நேராக லாரிக்குள் போய் ஏறியது.

மற்ற ஆட்கள் மூட்டைகளோடு ஓரமாகக் குந்தியிருந்தார்கள். ஒருவரும் லாரியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பது தெரிந்தது.

அத்தான் மரத்தடிக்குப் போனார். மடியில் கைவிட்டார். கல் வெளியே வந்தது.

ராயன் சாம்பிராணி தூவினார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெயிலுக்காகவா, வேறு எதற்காகவா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வாய் வெட்டினார்கள். ரம்பம் இழுத்தார்கள். முதல் நாள் பெய்த மழையில் ஊறிய மரத்தூள் இருவர் கையிலும் ஈரமாக ஒட்டியது. நான் விதிப்படி தூரத்தில் நின்றேன். ஆசிரியர், மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். எதிலும் குறை சொல்ல முடியாது. வாய் சரி, அறுப்பு சரி, கீல் சரி. பிறகு கீல் முறிந்தது. பழைய கதவு திறப்பதுபோல் முதலில் ஒரு முனகல், அப்புறம் வரிசையாக வெடிச்சத்தம்.

ராயன் ரம்பத்தை விட்டு ஓடினார். அத்தானும் விட்டார். கைகளைக் கூப்பினார். பின்னடி எடுத்து வைத்தார்.

ஈரமான ரப்பர் சருகு. வேர்கள். அதற்குப் பின்னால் லாரி. அவர் உச்சியையே பார்த்துக்கொண்டு அதை நோக்கிப் பின்னால் போகிறார்.

நான் ஓடினேன். எந்த விதிப்படி ஓடினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வழுக்கி விழுந்து மரத்தடியில் மாட்டிக்கொள்வார் என்றா, விழாமலே போய் லாரியில் ஏறிவிடுவார் என்றா? இரண்டு பயமும் ஒரே சமயத்தில் வந்து, எதற்குப் பயப்படுவது என்ற குழப்பத்திலேயே அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். முறைப்படி மரத்துக்கு முதுகைத் திருப்பி அவரை இழுத்தேன்.

சாய்கிற தெம்புசு, பக்கத்து ரப்பர் மரத்தை உரசியது. ஒரு கிளை முறிந்து, மரம் போன திசைக்கு எதிராக, எங்கள் பக்கம் எகிறி வந்தது. இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. என் கண் அப்போது லாரியில் இருந்தது.

"மச்சான்," என்றார் அத்தான், சோறு தயார் என்று சொல்வதுபோல். கூப்பிய கையைப் பிரித்து என்னைத் தன் பக்கம் இழுத்து, ஓரடி விலகினார். என் தலைக்கு வரவேண்டியது கணுக்காலுக்கு வந்தது. எலும்பு முறிந்த சத்தத்தைக் கீல் முறிந்த சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

கண்ணாடிக்காரர் நடந்து வந்தார். முதலில் அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தார். அத்தானின் காலிக் கைகளைப் பார்த்தார். கடைசியில் என் காலைப் பார்த்தார்.

"முரிட் பெத்துல்," என்றார். "குரு சாலா."

மாணவன் சரி, ஆசிரியர் தப்பு. அத்தானின் கையில் அவரே பட்டையைக் கட்டினார். பிறகு ராயனுக்கும், சோதனையே வைக்காமல் மற்ற எல்லோருக்கும். கையோடு ஓர் உத்தரவும் போட்டார். இனி எல்லோரும் இவரைப்போலத்தான். கண் உச்சியை விட்டு விலகக்கூடாது. ரம்பம் கையில் இல்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கை கூப்பியிருக்க வேண்டும். பின்னாலேயே நடக்க வேண்டும்.

நானும்தான் ஒழுங்காக ஓடினேன், அதை யாருமே பார்க்கவில்லை, என்று ராயன் முணுமுணுத்தார்.

அப்புறம் லாரி. எங்களில் ஒருவரையும் ஏறச் சொல்லவில்லை. தெம்புசைத் துண்டு போட்டு ஏற்றச் சொன்னார்கள். கட்டை தூக்கும் தோளில் போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மூட்டைகளை அவிழ்த்தபோது கிழங்கு வற்றல் செம்மண்ணில் கொட்டியது. லாரி கட்டையோடு போய்விட்டது. ராயனின் கருவாட்டை அங்கேயே சுட்டுத் தின்றோம்.

ஆக, லாரி கட்டைக்காகத்தான் வந்ததா? போர்வை தோளுக்காகத்தானா? அப்படி நினைத்து நிம்மதியாக இருந்திருக்கலாம். கொஞ்ச நாளில் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்திலிருந்து, கையில் பட்டை இல்லாத ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். போர்வை கொண்டு வரச் சொல்லித்தான் அவர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தானோடு ஒரே வரிசையில் பால் வெட்டியவர்கள் அதில் இருந்தார்கள். திரும்பி வரவில்லை.

பனி

இப்போது தப்பான முறை சட்டமாகிவிட்டது. ஒரு கோஷ்டி முழுவதும் கைகூப்பிக்கொண்டு காட்டில் பின்னால் நடக்கப் போகிறது. எத்தனை பேர் வேரில் தடுக்கி விழுவார்கள்? காலில் மூங்கில் பத்தையைக் கட்டிக்கொண்டு அடிக்கட்டையில் உட்கார்ந்து, மறுபடியும் கையேட்டை முதல் வரியிலிருந்து ஓட்டினேன். நான் விட்டுவிட்ட வரி வந்து நின்றது. பாதையிலுள்ள பனியைக் கூட்டித் தள்ள வேண்டும்.

மறுநாள் விளக்குமாறு கொண்டு வரச் சொன்னேன். ரம்பத்தைத் தொடுமுன் பாதையைக் கூட்ட வேண்டும். சருகு, சுள்ளி, கல், எல்லாம் போக வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் வேரை வெட்ட வேண்டும். வெறுங்காலால் பின்பக்கமாக ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும். தெம்புசு, கெம்பாஸ், ரப்பர் என்று எத்தனையோ மரம் சாய்ந்தது. ஒருவரும் விழவில்லை. அந்தப் பயிற்சியில் காயம்பட்டவர் பயிற்சியாளர் ஒருவர்தான்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரத் துரை திரும்பி வந்தார். காட்டுக்குப் போகும் சாமான்களில் விளக்குமாறு ஏன் இருக்கிறது என்று கேட்டார்.

"பனிக்கு, சார்," என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

அதே இலாகாவில் பயிற்சி அதிகாரியாகத்தான் ஓய்வு பெற்றேன். வேகமாக விலகிப் போ என்கிறது கையேடு. உச்சியை விட்டுக் கண்ணை எடுக்காதே என்றும் சொல்கிறது. ஒரே தலையை வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படிச் செய்வது என்று எந்தப் பதிப்பிலும் இல்லை. ஆகவே வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் கூட்டத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த லாரியைப் பற்றி அத்தானிடம் வெகுகாலம் பேசவில்லை. அவருக்கு முடியாமல் போய் என் வீட்டில் வந்து இருந்தபோது, ஒரு சாயங்காலம் காப்பியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"அத்தான், அன்னைக்கி குருபோங்ல, ஒங்க பின்னாலயே லாரி பலகையத் தொறந்துக்கிட்டு நின்னுச்சே. தெரியுமா?"

யோசித்தார். "பின்னாலயா?"

"நேர் பின்னால. இன்னும் கொஞ்சம் போயிருந்தா இடிச்சிருப்பீங்க."

"நான் மரத்தத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார். காப்பியைக் குடித்தார். "அப்ப லாரிக்கு முதுகக் காட்டியிருக்கேன்."

"ஆமா."

"அது எங்கள ஏத்த வந்துச்சா மச்சான், கட்டய ஏத்த வந்துச்சா?"

"தெரியல அத்தான்."

தம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லா மொறையும் ஒனக்குத்தான் தெரியும்னாங்க," என்றார்.